பிடிஎஃப்பில் தெரிந்த கட்டைவிரல்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு சிறு பதிப்பாளர் ஆற்றிய உரை)

எல்லாருக்கும் வணக்கம்.

போன புத்தகக் காட்சியில் ஒரு தம்பி எங்கள் அரங்குக்கு வந்தார். "சார், நீங்க போட்ட நாவல் படிச்சேன். ராத்திரி பூரா தூங்கல" என்றார். மனசு குளிர்ந்துபோனது. செல்போனை நீட்டினார். டெலிகிராமில் வந்த பிடிஎஃப். பக்கம் பக்கமாகப் படமெடுத்தது. ஓரத்தில் தாளை அழுத்திப் பிடித்த கட்டைவிரல்கூடத் தெரிந்தது. அவர் திருடன் இல்லை. மனசாரப் பாராட்டத்தான் வந்தார்.

ஆயிரம் பேர் இப்படிக் கள்ளப் பிரதியை இறக்கினால் ஆயிரம் பிரதி நட்டம் என்கிற பதிப்பாளர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இறக்கியவர்களில் பலர் எப்படியும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஆணையம் செய்வித்து 2017இல் வெளியான ஆய்விலும், புதுப்படங்கள் தவிர மற்றவற்றில் கள்ளப் பிரதிகளால் விற்பனை குறைந்ததற்கு உறுதியான புள்ளிவிவரச் சான்று கிடைக்கவில்லை. சரி. ஆனால் அது பெரிய சந்தைகளின் கணக்கு.

நம் கணக்கைப் பாருங்கள். 300 பிரதி அடிக்கிறோம், விலை 200 ரூபாய். ராயல்டி 10 சதவீதம் என்றால், அத்தனையும் விற்றாலும் எழுத்தாளருக்கு 6,000 ரூபாய்தான். வாங்க நினைத்தவர்களில் 50 பேர் பிடிஎஃப் போதும் என்று விட்டால், கடைசிக் கட்டு பரணில் ஏறிவிடும். அந்தக் கட்டைப் பார்த்துத்தான் அடுத்த புத்தகம் போடலாமா என்று முடிவெடுக்கிறேன். அடி விழுவது அங்கேதான், இன்னும் அச்சேறாத புத்தகத்தின்மேல்.

அமெரிக்க நாவலாசிரியர் மேகி ஸ்டீஃப்வாட்டருக்கும் இதே கதைதான். அவருடைய தொடரில் மூன்றாம் நாவலின் மின்னூல் விற்பனை சரிந்தது. நான்காவதற்கு அச்சிடும் எண்ணிக்கையைப் பதிப்பகம் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டது. 2016இல் அது வெளிவந்தபோது அவரும் அவர் சகோதரரும் ஒரு போலி பிடிஎஃப் செய்தார்கள். நூலின் நீளத்துக்கே இருக்கும்; உள்ளே முதல் நான்கு அத்தியாயங்களே திரும்பத் திரும்ப வரும். கள்ளத் தளங்களில் அதையே நிரப்பினார்கள். தேடி அலுத்தவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். முதல் அச்சு இரண்டே நாளில் தீர்ந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

துபாயில் தங்கும் விடுதியிலிருந்து தமிழ்ப் புத்தகம் தேடுகிறவருக்கு நாங்கள் மின்னூலே கொடுக்கவில்லை என்றால், அது எங்கள் தப்பு. அதை நாங்கள்தான் சரிசெய்ய வேண்டும், செய்கிறோம்.

அந்தத் தம்பி கிளம்பும்போது ஆசையாகக் கேட்டார்: "ரெண்டாம் பாகம் எப்ப சார்?" கைப்பிரதி ஒன்றரை வருஷமாக என் மேசையில் இருக்கிறது. முதல் பாகத்தில் 110 பிரதி இன்னும் பரணில்.