மீன் கூறும் கடவுள் கணக்கும்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது பாம்பன் பாலம். காற்று இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பாலம் காட்ட வரவில்லை. மணலில் பாருங்கள், ஐந்து கூறு மீன். நாட்டுப்படகில் போய் வந்த ஐந்து பேருக்கும் வீட்டுக் குழம்புக்கான பங்கு. எல்லாம் சமம் என்கிறார்கள். என் கண்ணுக்கு ஓரக் கூறில் விளைமீன் கொஞ்சம் பெரிசு. அதனால்தான் ஆளுக்கொரு அடையாளம்: சிப்பி, தீக்குச்சி, பீடித்துண்டு, நைலான் கயிறு, கூழாங்கல். எது யாருடையது என்று தெரியாத பையன் ஒருவன் கூறுக்கு ஒன்றாகப் போடுவான். விழுந்தது விழுந்ததுதான்.

"இது சாமி தீர்ப்பாங்கய்யா?" என்று பெரியவரைக் கேட்டேன். "மீன் பிரிக்கிறதுதான் சாமிக்கு வேலையா தம்பி?" என்றார்.

அசந்துவிட்டேன். 1619இல் தாமஸ் கேட்டக்கர் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். இப்படிக் குலுக்கிப் போடும் சீட்டு விழுவது கடவுளின் நேரடி முடிவு, அதை வைத்து விளையாடுவது பாவம் என்று சமயக் கண்டிப்புக்காரர்கள் சொல்லிவந்த காலம். இவரோ, பங்கு பிரிக்கப் போடலாம், விளையாடவும் போடலாம், கடவுள் மனசை அறியத்தான் போடக்கூடாது என்றார். பாஸ்கல், ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர்கள் 1654இல் கடிதம் எழுதி, பாதியில் நின்ற சூதாட்டப் பணத்தைப் பிரித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பாதிரியார்தான் பிடித்தவர். சீட்டு சாமி கையில் இருக்கிறது என்று நம்பினால், அதற்குக் கணக்குப் போட யார் துணிவார்கள்?

ஆனால் சாமி லேசில் விடவில்லை. ஜான் ஆர்பத்நாட் என்ற மருத்துவர் 1629 முதல் 1710 வரையிலான லண்டன் ஞானஸ்நானக் கணக்கை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டும் ஆண் குழந்தைகளே அதிகம். காசு சுண்டி 82 தடவையும் தலை விழுகிற மாதிரி. அதற்கான வாய்ப்பு, 25 இலக்க எண்ணில் ஒன்று. ஆகவே இது கடவுள் ஏற்பாடு என்றார். ஏன்? ஆண்கள் இரை தேடி ஆபத்துக்குள் போய்ச் சாகிறார்கள், அதை ஈடுகட்டத்தானாம். இதை லண்டனில் படித்தால் வாதம். இந்தக் கரையில் படித்தால் தொண்டை அடைக்கிறது.

நிக்கோலஸ் பெர்னூலி என்ற கணிதக்காரர் விடவில்லை. 35 முகப் பகடையில் 18 ஆண், 17 பெண் என்று, அதாவது ஆணுக்கே வாய்ப்பு கொஞ்சம் அதிகம் என்று வைத்தால் ஆச்சரியமே இல்லை என்றார். சரி, அந்தப் பகடையைச் செய்தது யார் என்று திருப்பினார் டி மோய்வர் என்ற இன்னொரு கணிதக்காரர்.

இருங்க, பையன் போட்டு முடித்துவிட்டான். பெரிய விளைமீன் பீடித்துண்டுக்கு. நம்ம பெரியவருடையதுதான். கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறார்.