மிதித்தவர் மட்டும் பறக்க: மைன்கிராஃப்டில் டெலிபோர்ட் மேடை

வணக்கம் மக்களே. இன்றைக்கு மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷனில் ஒரு டெலிபோர்ட் மேடை செய்யப் போகிறோம். மேடையில் கால் வைத்தவர் வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும், பக்கத்தில் நிற்பவர் அப்படியே நிற்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இரண்டாவது பாதியில்தான்.

சீட்ஸ், அதாவது கமாண்ட் போடும் அனுமதி, ஆன் செய்த உலகத்தில், கிரியேட்டிவ் மோடில், கிவ் கமாண்ட் போட்டு ஒரு கமாண்ட் பிளாக் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதி வைக்கும் கமாண்டைத் தானே ஓட்டும் பிளாக் இது. வைத்ததும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். திறந்து ரிப்பீட், ஆல்வேஸ் ஆக்டிவ் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஊதாவாக மாறிவிட்டதா? இனி அது நொடிக்கு 20 தடவை ஓடும். பட்டன், லீவர் எதுவும் வேண்டாம்.

வழக்கமாக என்ன செய்கிறார்கள் என்றால், ஒரு பிளாக்கில் யாராவது அருகில் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள், கம்பேரேட்டர் என்ற சிக்னல் கருவி வழியாக அடுத்த பிளாக்கை இயக்குகிறார்கள், அதில் டிபி @பி. டிபி என்பது டெலிபோர்ட் கமாண்ட். தனியாக விளையாடும் வரை அருமை. இரண்டாவது ஆள் வந்ததும் கூத்துதான். ஏனென்றால் @பி என்பது அந்தக் கமாண்ட் பிளாக்குக்கு மிக அருகில் இருப்பவர். மேடையில் ஏறியவர் ஒருவர், பிளாக்கைப் புதைத்த சுவரோரமாகப் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பவர் இன்னொருவர். பறப்பது பெட்டிக்காரர்!

அதனால் கண்டுபிடிப்பது, அனுப்புவது இரண்டையும் ஒரே வரியில், ஒரே ஆள்மீது வையுங்கள். திரையில் பாருங்கள்: எக்ஸிக்யூட் ஆஸ் @ஏ அட் @எஸ் இஃப் பிளாக் ~ ~-1 ~ கோல்டு_பிளாக் ரன் டிபி @எஸ் 100 64 200. அதாவது ஒவ்வொரு பிளேயராக எடு, அவர் நிற்கும் இடத்துக்குப் போ, காலுக்குக் கீழே தங்க பிளாக் இருக்கிறதா பார், இருந்தால் அவரையே 100 64 200 என்ற இடத்துக்கு அனுப்பு. @எஸ் என்பது அந்த நேரத்தில் யாருக்காகக் கமாண்ட் ஓடுகிறதோ அவர். ஆள் மாற வழியே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தங்கத்தின் மேல் கம்பளம் விரித்தாலும் வேலை செய்யும். கம்பளம் மெல்லியது, அதனால் ஒரு பிளாக் கீழே பார்த்தால் தங்கம்தான் வரும். ரகசிய வாசலுக்குச் சரியான சரக்கு.

ஆனால் யாராவது தன் வீட்டுக்குத் தங்கத்தில் தரை போட்டிருந்தால் அவரும் பறந்துவிடுவார். எல்லை போட வேண்டும். @ஏ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் டிஸ்டன்ஸ்=..3 என்று கொடுக்கலாம். அது கமாண்ட் பிளாக்கிலிருந்து உருண்டையாக அளக்கும், கீழ்த்தளத்தில் நடப்பவரும் சிக்கலாம். அறை வடிவில் வேண்டுமென்றால் மூலையின் எக்ஸ், ஒய், இசட் கொடுத்து டிஎக்ஸ், டிஒய், டிஇசட் சேருங்கள். டிஎக்ஸ் 2 என்றால் அகலம் மூன்று பிளாக், இரண்டு அல்ல. இங்கே கொஞ்சம் கவனம்.

போகும் இடத்திலும் திரும்பி வர ஒரு மேடை வைக்கிறீர்களா? அந்த மேடையின் மேலேயே இறக்கிவிடாதீர்கள். இறங்கிய கையோடு திருப்பி அனுப்பும், அங்கிருந்து மறுபடி இங்கே, பந்து மாதிரி அடிபடுவார். இரண்டு பிளாக் தள்ளி இறக்குங்கள். பிளேயருக்கு டேக் என்ற அடையாளம் போட்டும் தடுக்கலாம், ஆனால் இதற்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

அப்புறம், கமாண்டின் கடைசி எண்ணுக்குப் பின்னால் 180 0 சேர்த்தால் இறங்கும்போது முகம் வடக்கே நேராகப் பார்க்கும். சுவரைப் பார்த்து இறங்குவது எரிச்சல்.

பழைய வீடியோவில் டிஸ்டன்ஸுக்குப் பதில் ஆர்=3 என்று பார்த்திருப்பீர்கள். ஜாவாவில் அது 1.13-க்கு முந்தைய முறை, இப்போது பிழை காட்டும். மைன்கிராஃப்டின் இன்னொரு பதிப்பான பெட்ராக்கில் இன்றும் ஆர்தான். சரி, உலகத்தைத் திறக்கிறேன், இருவரை நிறுத்தி ஓட்டிப் பார்ப்போம்.