லுவாங்குவா ஆற்றங்கரையில் தங்கப் போகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் காட்டில் சொகுசு முகாம் என்றால் விளம்பரங்களில் ஒரே படம்தான் வரும்: ஆற்றைப் பார்த்தபடி ஒரு குளியல் தொட்டி. தொட்டி இருக்கும்தான். ஆனால் ஒரு இரவுக்கு ஆளுக்குப் பல நூறு டாலர் கொடுப்பது அதற்காக அல்ல. உங்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டிக்கும் முகாம் நிற்கிற கரைக்கும்தான் அந்தக் காசு. இந்த இரண்டையும் விசாரிக்காமல் தொட்டியைப் பார்த்து முன்பதிவு செய்தவர்கள்தான் முகம் வாடித் திரும்புகிறார்கள். கிழக்கு ஜாம்பியாவில் உள்ள தென் லுவாங்குவா தேசியப் பூங்காவை வைத்து இதைச் சொல்கிறேன்.

லுவாங்குவா ஆற்றின் குறுக்கே அணை கிடையாது. மழைக்காலத்தில் கரையை அரித்துக்கொண்டு ஓடும், போக்கை மாற்றிக்கொள்ளும், கைவிட்ட வளைவுகள் குட்டைகளாக நிற்கும். ஜூனிலிருந்து உட்புறத்து நீர்நிலைகள் ஒவ்வொன்றாக வற்ற, யானை, காட்டெருமை, புகு மான், வரிக்குதிரை எல்லாம் ஆற்றை நோக்கி இறங்கும். பின்னாலேயே சிங்கமும் சிறுத்தையும் வரும். முகாம்கள் ஆற்றங்கரையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அழகு அதற்குப் பிறகு.

அதனால் முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள், முகாமை அப்புறம் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் விடிகாலைக் குளிர் 10 டிகிரிக்கு இறங்கும்; திறந்த ஜீப்பில் காற்று அடிக்கையில் இன்னும் குறைவாகத் தெரியும். காதை மூடும் குல்லாய் இல்லாமல் போகிறவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் எதையும் ரசிப்பதில்லை. அக்டோபரில் 40 டிகிரியைத் தாண்டும், விலங்குகள் மிக அதிகமாகத் தெரிவதும் அப்போதுதான். வெயில் தாங்காதவர்களுக்கு என் யோசனை செப்டம்பர். செங்குத்தான மணற்கரைகளில் செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் நூற்றுக்கணக்கில் வந்து பொந்து தோண்டும் நேரம் அது. ஒவ்வொரு பொந்தும் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே போகும். கூட்டம் எழும்பும்போது கரையே நிறம் மாறியது போலிருக்கும்.

தலைநகர் லுசாகாவிலிருந்து, பூங்காவுக்கு அருகிலுள்ள எம்ஃபுவே விமான நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்பு. சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி எடை சரியாக இருந்தாலும் விமானத்தின் வயிற்றில் நுழையாது. துணி மூன்று செட் போதும், முகாமில் அன்றன்றைக்குத் துவைத்துக் கொடுப்பார்கள். உள்ளாடைகளை மட்டும் பல முகாம்களில் வாங்கமாட்டார்கள், அந்த ஊர் வழக்கம் அப்படி. கூடாரத்திலேயே சலவைத்தூள் வைத்திருப்பார்கள்.

நிறம் முக்கியம். நீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈயைப் பிடிக்க அங்கே மரங்களில் தொங்கவிடும் பொறிகளே நீலம், கறுப்புத் துணிகள்தான்; அதே நிறத்தில் சட்டை போட்டால் ஈ உங்களிடம் வரும். கடி ஊசி குத்தியது போல இருக்கும், மெல்லிய துணியைத் துளைக்கும். கொசு விரட்டும் களிம்பு அதனிடம் அவ்வளவாக எடுபடாது. தூக்க நோயைப் பரப்பும் ஈ என்பதால் அலட்சியம் கூடாது. காக்கி, மண்நிறம், சாம்பல்பச்சையில் முழுக்கைச் சட்டை எடுங்கள். ராணுவப் புள்ளிச் சீருடைத் துணியைத் தொடவே வேண்டாம். அதைப் பொதுமக்கள் உடுத்த ஜாம்பியாவில் தடை உண்டு.

முகாமில் முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை மூன்றே. ஒரு ஜீப்பில் எத்தனை பேர்? நான்கு என்றால் எல்லோருக்கும் ஓரத்து இருக்கை. ஆறுக்கு மேல் என்றால் நடுவில் உட்காருகிறவர் பாவம். நடைப்பயணம் உண்டா? ஒரே வழிகாட்டி கடைசிவரை கூட வருவாரா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. முதல் நாள் நீங்கள் பறவையை விரும்புகிறவர் என்று தெரிந்துகொண்டவர், மூன்றாம் நாள் வேறொருவரிடம் உங்களை ஒப்படைத்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. சைவ உணவு வேண்டுமானால் முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். முட்டை சேருமா என்பதையும் எழுதுங்கள். காட்டுக்குள் தள்ளி இருக்கும் முகாம்களுக்குக் காய்கறி லாரியில் வருகிறது, அங்கே போய்ச் சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு நாள் எப்படிப் போகும்? ஐந்து மணிக்குக் கூடாரத்துக்கு வெளியே குரல் கேட்கும். தீமூட்டத்தில் கஞ்சியும் வாட்டிய ரொட்டியும் சாப்பிட்டு, ஆறு மணிக்குப் புறப்பாடு. பத்தரைக்குத் திரும்பி, சாப்பிட்டு, மதியம் உறக்கம். நான்கு மணிக்கு மறுபடி ஜீப். இருட்டியதும் தேடுவிளக்கு போட்டு எட்டு மணிவரை சுற்றலாம். ஆப்பிரிக்காவின் பல தேசியப் பூங்காக்களில் இந்த இரவு உலா கிடையாது. லுவாங்குவாவின் சிறுத்தைகள் பேர்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். மான், வரிக்குதிரை மீது நல்ல வழிகாட்டி விளக்கை நிறுத்தமாட்டார். கண் கூசிப்போன மான் பக்கத்தில் பதுங்கும் சிறுத்தைக்கு எளிதாக இரையாகிவிடும். “இன்னும் கொஞ்சம் அடிங்கள், படம் எடுக்கணும்” என்று கேட்காதீர்கள்.

நடைப்பயணம் இங்கே ஊன்றிய பழக்கம். நார்மன் கார் என்ற வனவிலங்கு அதிகாரி, 1950இல் என்செஃபு என்ற பழங்குடித் தலைவரின் நிலத்தில் பார்வையாளர் முகாம் ஒன்றைத் தொடங்கினார். வருமானம் ஊர் மக்களுக்கும் போயிற்று. பிறகு காட்டை நடந்தே காட்டும் முறை அவரால் பரவியது. 1972இல்தான் தென் லுவாங்குவா தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். நடையில் வரிசை மாறக் கூடாது: முன்னால் துப்பாக்கியோடு பூங்காக் காவலர், அடுத்து வழிகாட்டி, பிறகு நீங்கள் ஒருவர் பின் ஒருவராக. வழிகாட்டி அடிக்கடி சிறு பையைத் தட்டிச் சாம்பல் பறக்கவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். அவர் கையை உயர்த்தினால் நில்லுங்கள். எது வந்தாலும் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவதுதான் சிங்கத்தின் இயல்பு.

இனி, கூடாரம். பருவகால முகாம்களில் மூங்கிலும் புல்லும் வைத்து மே மாத வாக்கில் கட்டி, மழைக்கு முன் பிரித்துவிடுவார்கள். குளியல் பெரும்பாலும் வாளிக் குளியல்தான். பக்கத்தில் மண்ணடுப்பின் மேல் கிடத்திய பீப்பாயில் நீர் நிரப்பி, கீழே விறகு எரித்துக் காய்ச்சுகிறார்கள். அதை 20 லிட்டர் அளவு பிடிக்கும் கித்தான் வாளியில் ஊற்றி, கயிற்றால் மேலே இழுத்துக் கட்டுவார்கள். வாளியின் அடியில் ஒரு திருகு. முதலில் திறந்து உடம்பை நனைத்து, மூடிவிட்டுச் சோப்பு, பிறகு மீண்டும் திறப்பு. திறந்தபடியே விட்டுவிட்டால், தலையில் நுரை இருக்கும்போது வாளி காலியாகும். நட்சத்திரங்களுக்குக் கீழே அப்படிக் குளிப்பது தொட்டியில் கிடப்பதைவிடச் சுகம் என்பது என் கட்சி.

மின்சாரம் சூரிய ஒளியில்தான். முடி உலர்த்தும் கருவியைச் செருகினால் முகாமின் விளக்கு மொத்தமும் அணையலாம். கேமரா மின்கலம் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி 8க்கு 42 அளவில் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) ஆளுக்கு ஒன்று வேண்டும். கணவன் மனைவிக்கு ஒன்று என்றால் சண்டைதான்.

இருட்டிய பிறகு காவலாள் இல்லாமல் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் அல்ல. நீர்யானைகள் இரவில் புல் மேயக் கரையேறும், கூடாரத்துக்கு ஒட்டியே நின்று உதடுகளால் புல்லைக் கிள்ளும் ஓசை கேட்கும். அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் மனிதன் நின்றால் தள்ளிவிட்டுப் போகும், நின்று யோசிக்காது. உள்ளே இருந்தால் பயமில்லை. மூடிய கித்தான் விலங்குக்குச் சுவர் மாதிரி. ஆனால் ஜிப் முழுவதும் மூடியிருக்க வேண்டும். பழம், பிஸ்கட் எதுவும் உள்ளே வேண்டாம். பபூன் குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. ஆரஞ்சு வாசனைக்கு யானை கூடாரத்தையே கிழிக்கும்.

கடைசியாக மலேரியா. தடுப்பு மாத்திரையாக மருத்துவர் அட்டோவாக்வோன் - புரோகுவானில் எழுதினால் போவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பி வந்த பிறகும் ஏழு நாள் சாப்பிட வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பிறகு நான்கு வாரம். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டெங்குவா வைரஸா என்று மருத்துவர் பார்க்கத் தொடங்கும் முன்னரே, ஜாம்பியா போய் வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். ரத்தப் பரிசோதனையை அன்றே எடுத்தாக வேண்டும்.

வணக்கம்.