ரூனி திட்டினா ரெண்டு மேட்ச் தடை, கேலரி திட்டினா கீதமா?

வணக்கம் மக்களே. இன்னைக்கு சுத்தி வளைக்காம நேரா மேட்டருக்கு வந்துடுறேன். 2011 ஏப்ரல், வெஸ்ட் ஹாம் கிரவுண்ட்ல மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச். மதிய மேட்ச், வீட்ல எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்குற நேரம். யுனைடெட் 2-0ன்னு பின்னாடி கிடக்கு, அங்கிருந்து யுனைடெட் ஸ்ட்ரைக்கர் வெய்ன் ரூனி மூணு கோல் போட்டு மேட்ச்சையே புரட்டிப் போட்டாரு, கடைசில 4-2. மூணாவது கோல் பெனால்டி. அதை அடிச்சுட்டு நேரா சைடுல இருந்த டிவி கேமராவுக்கு ஓடி, மூஞ்சிய லென்ஸ் மேல வைக்காத குறையா, பச்சையா கெட்ட வார்த்தை. லைவ்ல போயிடுச்சு. மன்னிப்பெல்லாம் கேட்டாரு, ஆனா இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம், அதான் எஃப்ஏ, ரெண்டு மேட்ச் தடை போட்டுட்டாங்க. அதுல ஒண்ணு எஃப்ஏ கப் செமிஃபைனல், அதுவும் மான்செஸ்டர் சிட்டி கூட. யுனைடெட் 1-0ன்னு தோத்துச்சு.

இப்ப யோசிங்க, அதே வார்த்தையை ஒரு மேட்ச்ல கேலரில எத்தனை பேரு எத்தனை தடவை கத்துறான்? கத்துறது என்ன, ராகம் போட்டு, கை தட்டி, ஆயிரக்கணக்குல சேர்ந்து பாட்டாவே பாடுறானுங்க. அதுக்குப் பேரு அட்மாஸ்ஃபியராம். அப்ப பிளேயருக்கு ஒரு நியாயம் ரசிகனுக்கு ஒரு நியாயமான்னு நீங்க கேக்கலாம். என் பதில் ஆமா, வேற வேற நியாயம்தான், இருக்கணும். ஆனா எல்லாரும் சொல்ற காரணத்துக்காக இல்ல, அதுலதான் எனக்கு கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.

எல்லாரும் சொல்ற காரணம் என்ன? ரோல் மாடல். புள்ளைங்க பாக்குதுங்க, அவங்களைப் பாத்துதான் கத்துக்குதுங்க, கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறாங்கல்ல ஒழுங்கா இருக்கட்டுமேன்னு. எனக்கு இது பாதிக்குப் பாதி கதையாத்தான் தெரியுது. 2022 ஜூன்ல ஹங்கேரி – இங்கிலாந்து மேட்ச் புடாபெஸ்ட்ல நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்தின வருஷம் யூரோல, அதான் ஐரோப்பிய நாடுகளோட கப்ல, ஹங்கேரி ரசிகர்கள் இனவெறியா நடந்துக்கிட்டாங்கன்னு ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுஇஎஃப்ஏ, ஆளே இல்லாம மேட்ச் நடத்துங்கன்னு தண்டனை கொடுத்துச்சு. ஆனா அந்த ரூல்ல 14 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்களை, கூட சில பெரியவங்களோட, உள்ள விடலாம்னு ஒரு வழி இருக்கு. சரின்னு உள்ள விட்டாங்க, 30,000 பேருக்கு மேல வந்துட்டாங்க, முக்கால்வாசி ஸ்கூல் புள்ளைங்க. இங்கிலாந்து பிளேயர்ஸ் இனவெறிக்கு எதிரா ஒரு முட்டி போட்டு உக்காந்தாங்க பாருங்க, அந்த கேலரில இருந்து ஊஊன்னு சத்தம்! இனவெறிக்காக காலியா இருக்க வேண்டிய ஸ்டேடியம்யா அது. அந்தப் புள்ளைங்க அதை கிரவுண்டுக்குள்ள இருந்த 22 பேர்கிட்டயா கத்துக்கிட்டுச்சுங்க? கிரவுண்டுக்குள்ள முட்டி போட்டவங்கதானே நல்ல பாடம் எடுத்தாங்க. பக்கத்து சீட்ல உக்கார்ற அப்பா, மாமா, அண்ணன், அவங்கதான் வாத்தியாரு. அதனால இந்த ரோல் மாடல் பட்டத்தை பிளேயர் தலையில மட்டும் கட்டிட்டு நாம ஜாலியா இருக்குறது எனக்கு சரியாப் படல.

அப்புறம் எதுக்கு பிளேயருக்கு கூடுதல் ரூல்? ஏன்னா மேட்ச் அவன் கையில இருக்கு, காலுலன்னு சொல்லணுமோ. நான் வீட்ல உக்காந்து எவ்ளோ கத்தினாலும் ஸ்கோர் மாறாது, அவன் ஒரு தடவை பொய்யா விழுந்தா பெனால்டி, கோல், கப்பே கை மாறிடும். இதை பெட்டிங்ல வச்சுப் பாத்தா ரொம்ப நல்லாப் புரியும். இங்கிலாந்துல 2014ல இருந்து ரூல் என்னன்னா, புரொஃபஷனல் பிளேயர் உலகத்துல எந்த மூலையில நடக்குற ஃபுட்பால் மேட்ச் மேலயும் பெட்டு கட்டக் கூடாது. தன் மேட்ச் மட்டும் இல்ல, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நாட்டு லீக் மேட்ச் கூட ஆகாது. ரசிகனுக்கு? தாராளமா கட்டிக்கோ, 18 வயசு ஆயிருந்தா போதும். இந்த வித்தியாசத்துல யாருக்காவது ஆட்சேபனை இருக்கா? எனக்கு இல்ல. டிரெஸ்ஸிங் ரூம்ல யாருக்கு கால் வலி, நாளைக்கு யாரு ஆடல, இதெல்லாம் தெரிஞ்சவன் பெட்டு கட்டினா அதுக்குப் பேரு விளையாட்டு இல்லல்ல.

பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடின ஐவன் டோனி, 2023 மே மாசம், 232 தடவை ரூலை மீறினதா ஒத்துக்கிட்டு எட்டு மாசம் தடை, 50,000 பவுண்ட் ஃபைன். சூதாட்ட அடிமைத்தனம்னு டாக்டர் சொன்னதை கணக்குல எடுத்துதான் அந்த எட்டு மாசமே, இல்லன்னா இன்னும் கூட போயிருக்கும். அதே வருஷம் நியூகாசில் போன டொனாலிக்கு இத்தாலில இருந்து பத்து மாசம், 2024 யூரோவே போச்சு அந்தப் பையனுக்கு. தண்டனை சரி. நான் அதுல கை வைக்கல. ஆனா டோனி போட்டிருந்த ஜெர்சியை கொஞ்சம் ஜூம் பண்ணிப் பாருங்க மக்களே, நெஞ்சுல பெருசா என்ன எழுதியிருந்துச்சு? பெட்டிங் கம்பெனி பேரு! அந்த விளம்பரத்தைப் போட்டுக்கிட்டு ஓடலாம், கோல் போட்டு அதே லோகோவை கேமராவுக்குக் காட்டலாம், ஆனா அந்தக் கடைக்குள்ள போனா எட்டு மாசம் வீட்ல இரு. ஒழுக்கத்தை பிளேயர்கிட்ட எதிர்பாக்குற லீக், கிளப்புகிட்ட எதிர்பாக்கவே இல்ல. நெஞ்சுல இருந்து எடுக்குறோம்னு 2023ல முடிவு பண்ணாங்க, 2025-26 சீசன் முடியுற வரைக்கும் டைம் வேற கொடுத்தாங்க. கை ஸ்லீவ்ல போட்டுக்கலாமாம். என்னத்த சொல்ல.

சரி, இப்ப நம்ம பக்கம் வருவோம், ரசிகன் பக்கம். "நான் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கேன்"னு ஒரு டயலாக் இருக்குல்ல, அதைக் கேட்டாலே எனக்கு கடுப்பாகும். பஸ்ல டிக்கெட் எடுத்தா டிரைவரோட அம்மாவை திட்டலாமா? டிக்கெட் உள்ள போறதுக்குத்தான்யா.

இந்த டிக்கெட் பஞ்சாயத்துக்கெல்லாம் தாத்தா கேஸு, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஆடின எரிக் கான்டோனா. 1995 ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க், கிரிஸ்டல் பேலஸ் கிரவுண்டு. செகண்ட் ஹாஃப்ல டிஃபெண்டரை எட்டி உதைச்சதுக்கு ரெட் கார்டு. எப்பவும் தூக்கி விட்டிருக்குற அந்த காலர மடிச்சு விட்டுக்கிட்டு சைடு லைன் ஓரமா நடந்து வெளிய போறாரு. ஒரு ரசிகன் மேல உக்காந்திருந்த இடத்தை விட்டு படி இறங்கி ஓடி முன் வரிசைக்கே வந்து, கையை ஆட்டி ஆட்டித் திட்டுறான். கான்டோனா ஒரு செகண்ட் நின்னாரு, அப்புறம் விளம்பரப் பலகைக்கு மேல அப்படியே பறந்து நெஞ்சுல ஒரு உதை, எழுந்து குத்து வேற. இப்ப தண்டனைக் கணக்கைப் பாருங்க. கிளப் சீசன் முடியுற வரைக்கும் உக்கார வச்சு 20,000 பவுண்ட் ஃபைன் போட்டுச்சு, எஃப்ஏ அதை செப்டம்பர் கடைசி வரைக்கும் இழுத்து, மேல 10,000 பவுண்ட். கோர்ட்டு ரெண்டு வாரம் ஜெயில்னு சொல்லி, அப்பீல்ல 120 மணி நேரம் சமூக சேவையா மாத்துச்சு. யுனைடெட் அந்த வருஷம் லீக்கை பிளாக்பர்ன்கிட்ட ஒரே ஒரு பாயின்ட்ல விட்டுச்சு. அந்த ரசிகனுக்கு? 500 பவுண்ட் ஃபைன், ஒரு வருஷம் ஸ்டேடியம் பக்கம் வரக்கூடாது. அவன் அதைக் கேட்டுட்டு கோர்ட்லயே வக்கீல் மேல பாஞ்சு, அதுக்கு தனியா உள்ள போனான், அது வேற காமெடி.

கான்டோனா ஃபேன்ஸ் என்னைத் திட்டினாலும் பரவால்ல, எட்டு மாசம் சரிதான். வாயும் காலும் ஒண்ணு இல்ல. ஒருத்தன் எவ்ளோ கேவலமா பேசினாலும் கேலரிக்குள்ள காலை விடக் கூடாது, ஏன்னா அங்க பக்கத்துல சம்பந்தமே இல்லாத ஆளுங்க, புள்ளைங்க உக்காந்திருக்கு. டாட்டன்ஹாம் பிளேயர் எரிக் டயர் 2020ல நார்விச் கூட எஃப்ஏ கப்ல தோத்ததுக்கு அப்புறம் சீட்டுகளைத் தாண்டித் தாண்டி மேல ஏறிப் போனாரே, அது எனக்கு மனசுக்கு புரியுது, அவரோட தம்பி அங்க ஒருத்தன் கூட வாக்குவாதத்துல மாட்டியிருந்தாரு, அடிக்கக் கூட இல்ல. நாலு மேட்ச், 40,000 பவுண்ட். அதுவும் ஓகேன்னுதான் சொல்லுவேன், கொஞ்சம் வருத்தத்தோட. எவ்ரா 2017ல வார்ம் அப் நேரத்துலயே சொந்த டீம் ரசிகனையே காலை ஓங்கி உதைச்சது, அதுக்கெல்லாம் பேச்சே இல்ல, அவரோட கிளப் மார்சே கான்ட்ராக்டையே கிழிச்சு அனுப்பிட்டாங்க.

ஆனா, இங்கதான் என் முக்கியமான பாயின்ட். பிளேயருக்கு கூரை உயரமா இருக்கட்டும், சரி. ரசிகனுக்கு தரைன்னு ஒண்ணு இருக்கணும்ல? அந்தத் தரை ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் இருக்கணும். 2023 மே 21, ஸ்பெயின்ல வலென்சியா கிரவுண்டு. ரியல் மாட்ரிட் பிளேயர் வினிசியஸை குரங்குன்னு கத்துறாங்க. அவரு கோல் போஸ்டுக்குப் பின்னாடி போயி, கத்துன ஆளை நேரா கை நீட்டிக் காட்டுறாரு, ரெஃப்ரிகிட்ட, இந்தா இவன்தான்னு. மேட்ச் நின்னுச்சு, மைக்ல அறிவிப்பு எல்லாம் பண்ணாங்க, திரும்ப ஆரம்பிச்சாங்க. 97வது நிமிஷம் தள்ளுமுள்ளுல ரெட் கார்டு யாருக்கு? வினிசியஸுக்கு! ஒரு மணி நேரமா அவமானப்பட்ட ஆளு முதல்ல வெளிய போறாரு, அவமானப்படுத்தினவன் உள்ளயே உக்காந்திருக்கான். ரெண்டு நாள்ல அந்த கார்டை ரத்து பண்ணிட்டாங்க, அது வேற விஷயம். வலென்சியாவுக்கு ஒரு பக்க கேலரியை அஞ்சு மேட்ச் மூடச் சொல்லி, அப்பீல்ல மூணு ஆச்சு, 45,000 யூரோ ஃபைன் 27,000 ஆச்சு. வீட்டுக்கு வாடகை பேரம் பேசுற மாதிரி.

இந்த கேலரி மூடுற தண்டனையே எனக்கு பிடிக்காது. கத்தினவன் நாலு பேரு, அங்க சீசன் டிக்கெட் வச்சிருக்குற ஆயிரக்கணக்கான பேரு மேட்ச் பாக்க முடியாது. பிளேயர் தப்பு பண்ணா அவன் பேரு, அவன் ஜெர்சி நம்பர், அவன் சம்பளம்னு குறி பாத்து அடிக்குறீங்க, ரசிகன் தப்பு பண்ணா மட்டும் கூட்டத்து மேல பொத்தாம் பொதுவா ஒரு ஃபைன். கூட்டம்தான் அவனுக்கு முகமூடி. நம்மள யாரு கண்டுபிடிக்கப் போறான்ற தைரியம். அதான் 2024 ஜூன்ல அந்த வலென்சியா கேஸ்ல மூணு பேருக்கு எட்டு மாச சிறைத் தண்டனை, ரெண்டு வருஷம் ஸ்டேடியத்துக்குள்ள வரக்கூடாதுன்னு தீர்ப்பு வந்தப்போ நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஸ்பெயின்ல ஃபுட்பால் ஸ்டேடியத்துல நடந்த இனவெறித் திட்டுக்கு முதல் தடவையா தண்டனை அது. அங்க இந்த மாதிரி சின்ன தண்டனைக்கு பெரும்பாலும் நிஜமா ஜெயிலுக்குப் போக மாட்டாங்க, போகவும் இல்ல, ஆனாலும் கேஸு ஆளு மேல போச்சு பாருங்க, கூட்டத்து மேல இல்ல. இங்கிலாந்துல இது ரொம்ப வருஷமாவே இருக்கு, 1991லயே சட்டம் போட்டு, பொருளை எறியுறது, இனவெறியா கோஷம் போடுறது, கிரவுண்டுக்குள்ள இறங்குறது மூணும் குற்றம்னு ஆக்கிட்டாங்க, கோர்ட்டு வருஷக்கணக்குல ஸ்டேடியத்துக்கு வராத மாதிரி தடை போடலாம்.

அப்புறம் ஒண்ணு, கிரவுண்டுக்கு வெளிய? பிளேயர் வீட்ல என்ன பண்றான், யாரு கூட சுத்துறான், எத்தனை மணிக்கு தூங்குறான், இதெல்லாம் நமக்கு எதுக்கு. சட்டத்தை மீறினா சட்டம் பாத்துக்கும், எனக்கு இருக்குற அதே சட்டம். வெஸ்ட் ஹாம் டிஃபெண்டர் கர்ட் ஜூமா 2022ல பூனையை உதைச்ச வீடியோ வந்துச்சுல்ல, கோர்ட்டு 180 மணி நேரம் சமூக சேவை, அஞ்சு வருஷம் பூனை வளக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அது நானா இருந்தாலும் கிட்டத்தட்ட அதான் கிடைச்சிருக்கும், நியாயம். ஆனா அந்த வீடியோ வந்த மறுநாளே வெஸ்ட் ஹாம் அவரை மேட்ச்ல இறக்குனாங்க, வாட்ஃபோர்டு கூட. அவரு பந்தைத் தொடும்போதெல்லாம் ஊஊன்னு சத்தம், சொந்த ரசிகர்கள்ல இருந்தும் வந்துச்சு. அதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். அவன் நிறத்தையோ குடும்பத்தையோ இழுக்கல, பொருளை எறியல, நீ பண்ணது எங்களுக்குப் பிடிக்கலன்னு வாயால சொன்னாங்க, அவ்ளோதான். ஊளை விடுறதுக்கும் தடை போடணும்னு எவனாவது வந்தா நான் ரசிகன் பக்கம்தான் நிப்பேன்.

ரெஃப்ரியை சுத்தி பத்து பேரு நின்னு கத்துறாங்களே, அதுல யாரு என்ன தரத்துல இருக்கணும்ன்றது தனி வீடியோ போடுற அளவுக்கு இருக்கு, அதை அடுத்ததுல பாப்போம். வரேன்.