பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தீபாவளிப் பலகார டப்பாவை மூடி வைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"விடுமுறை நாட்களில் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பவர்கள் நாயகர்களா, குணச்சித்திர நடிகர்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. குணச்சித்திர நடிகர்களே என்ற அணியில் நிற்கிறேன். எந்த அணி வேண்டும் என்று கேட்டபோது நானே கேட்டு வாங்கிய அணி இது.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி போட்டார். "1965 பொங்கலுக்கு 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்ததே, கொட்டகை வாசலில் முண்டியடித்தவன் எல்லாம் நம்பியாரைப் பார்க்கவா வந்தான்? எம்.ஜி.ஆரைப் பார்க்க வந்தான்!" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், உண்மை என்பதால் தட்டினேன். டிக்கெட் விற்றது நாயகன் பெயரில்தான். அதில் சண்டை போட எனக்கு எதுவுமில்லை.

ஆனால் ஐயா, முதல் நாள் முதல் காட்சிக்கு யார் இழுத்தார்கள் என்பதா இன்றைய தலைப்பு? இருபதாவது தடவையைப் பற்றிய தலைப்பு இது. வீட்டுக் கூடத்தில், பாயில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அடுத்த வசனம் என்ன என்று தெரிந்த பிறகும் பார்க்கிறோமே, அதைப் பற்றிய தலைப்பு. கதை தெரியும். முடிவு தெரியும். நாயகன் ஜெயிப்பான் என்பது முதல் தடவையே தெரியும். அப்புறமும் எதைப் பார்க்க உட்காருகிறோம்?

எங்கள் வீட்டுத் தீபாவளியைச் சொல்கிறேன், உங்கள் வீட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். குளித்து, புதுத்துணி கட்டி, இட்லி சாப்பிட்டு முடித்ததும் பத்து மணிக்கெல்லாம் கூடத்தில் ஏதாவது ஒரு பழைய படம் ஓடும். யாரும் முழுசாக உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். வாசலில் வெடிச் சத்தம். யாராவது தட்டோடு வருவார்கள், தட்டோடு போவார்கள். அம்மா அடுப்படியில் இருப்பார். காதலர்கள் ஆடிப் பாடும்போது அவர் வரவே மாட்டார். ஆனால் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். தொண்டையிலேயே கொஞ்ச நேரம் உருண்டு, பிறகு இழுத்துக்கொண்டு வெளியே வருகிற குரல். டி.எஸ்.பாலையாவின் குரல். முறுக்குக் குழலைக் கையில் பிடித்தபடியே, விரலெல்லாம் மாவோடு, அம்மா வந்து நிலைப்படியில் நிற்பார். "இருடா, கதை சொல்ற இடம் வரப்போகுது" என்பார். அந்த இடம் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார். வருடா வருடம் இதே வேலை.

அது 1964இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. அந்தக் காட்சி இங்கே எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். பணக்கார அப்பா விஸ்வநாதன், அதுதான் பாலையா. படம் எடுத்தே தீருவேன் என்று ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் தொடங்கி, அப்பாவிடம் பணம் கேட்டு நிற்கிற பிள்ளை செல்லப்பா, அதுதான் நாகேஷ். என்ன கதை என்று கேட்கிறார் அப்பா. பிள்ளை பேய்க்கதை சொல்ல ஆரம்பிக்கிறான். கதை என்று அதில் ஒன்றுமே இல்லை. இருட்டு, சத்தம், பயம், அவ்வளவுதான். சத்தங்களையும் நாகேஷே வாயால் போடுகிறார்.

நான் இத்தனை வருடம் நாகேஷைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் அம்மாதான் சொன்னார், "அவனை விடு, கேக்கறவர் மூஞ்சியப் பாரு." பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிறது. அதட்டலாக உட்கார்ந்திருந்த மனிதர் குழந்தை மாதிரி ஒடுங்கிப் போகிறார். வாய் திறந்தது மூட மறக்கிறது. கண் நாகேஷின் கையோடு போகிறது, கையோடு வருகிறது. வசனம் முக்கால்வாசி நாகேஷுக்குத்தான். ஆனால் அந்தக் கதை பயங்கரமான கதை என்று நம்மை நம்ப வைப்பவர் யார்? பயப்படுகிறவர். பாலையா பயப்படாவிட்டால் நாகேஷ் வெறுமனே கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான்!

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். அந்தப் படத்தில் நாயகர்கள் உண்டு, நாயகிகள் உண்டு, நல்ல நல்ல பாட்டுகள் உண்டு. அறுபது வருடம் கழித்துத் தமிழ்நாடு மனப்பாடமாக வைத்திருக்கும் காட்சியில் அவர்களில் ஒருவர் உண்டா? ஓர் அப்பா, ஒரு பிள்ளை. இரண்டே பேர்.

அதன் பிறகு எந்தப் படத்தில் பாலையா வந்தாலும் அவர் பேசும்போது பார்ப்பதை விட்டுவிட்டேன் ஐயா. அடுத்தவர் பேசுவதை அவர் கேட்கும்போதுதான் பார்க்கிறேன். 1965இல் வந்த 'திருவிளையாடல்' எடுத்துக்கொள்ளுங்கள். ஹேமநாத பாகவதர். பாலமுரளிகிருஷ்ணா குரலில் 'ஒரு நாள் போதுமா' என்று பாண்டியன் சபையையே அதிர வைத்துவிட்டு, இந்த நாட்டில் எனக்கு நிகர் யார் என்று இறுமாந்து நிற்கிற மனிதர். ராத்திரி விறகுவெட்டியாக வந்த சிவன் 'பாட்டும் நானே' என்று பாடுகிறார். சிவாஜி நடிக்கிறார், டி.எம்.எஸ். பாடுகிறார், கே.வி.மகாதேவன் இசை. அந்தப் பாட்டின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. ஆனால் அது தெய்வத்தின் பாட்டு என்பதற்குப் படத்துக்குள்ளே சாட்சி யார்? சபையே வியந்த அந்த வித்வான் அதைக் கேட்டுத் திகைத்துப் போகிறாரே, அவர்தான் சாட்சி. கர்வம் இறங்குவதை ஒரு முகத்தில் காட்ட வேண்டும். காட்டினார். ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டே கிளம்பினார்.

மூன்றாவது, 1968. 'தில்லானா மோகனாம்பாள்'. கத்திக் காயத்திலிருந்து எழுந்து வந்து சண்முகசுந்தரம் நாயனம் வாசிக்கிறார். எதிரே மோகனா ஆடிக்கொண்டே 'நலந்தானா' என்று கேட்கிறாள். சிவாஜியும் பத்மினியும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்ட ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்து தவில் அடிக்கிறார், அதுதான் பாலையா. கை தாளம் தப்பக் கூடாது, முகமோ உடைந்து போகிறது. காதலர்கள் இரண்டு பேரும் சபைக்கு முன் அடக்கி வைத்துக்கொண்டதை எல்லாம் அவர் தன் முகத்தில் வாங்கிக் கலங்குகிறார். நமக்குத் தொண்டை அடைப்பது அந்த இடத்தில்தான். இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்!

பேயைக் கேட்டார், பாட்டைக் கேட்டார், நாயனத்தைக் கேட்டார். 1936இல் 'சதி லீலாவதி' படத்தில் எம்.ஜி.ஆரும் பாலையாவும் ஒரே படத்தில் அறிமுகம் ஆனவர்கள். ஒருவர் எந்த உயரத்துக்குப் போனார் என்று நாட்டுக்குத் தெரியும். இன்னொருவர் 1972இல் மறையும் வரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து இடம் சாமானிய இடம் இல்லை ஐயா.

சாட்டைக்கு வருகிறேன், விட மாட்டேன். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆர். 'நான் ஆணையிட்டால்' என்று சாட்டையை எடுத்ததும் விசில் பறந்தது என்றார் நண்பர். பறந்தது. ஏன் பறந்தது? அதற்கு முன்னால் அதே சாட்டையால் எம்.ஜி.ஆரின் இரட்டை வேடத்தில் ஒன்றான, அந்தப் பயந்த சுபாவம் உள்ள ராமுவை அடித்து அடித்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் நம்பியார். அந்தப் பார்வை, பல்லைக் கடிப்பது, உள்ளங்கையைப் பிசைவது. ஒவ்வொரு அடிக்கும் நமக்குள் ஒரு கடன் ஏறுகிறது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் எம்.ஜி.ஆர். சாட்டையை எடுக்கிறார். கடன் ஏற்றியவர் இல்லாமல் விசில் எங்கிருந்து வரும்? வீட்டில் விரதம், மாலை, சபரிமலை என்று வாழ்ந்த மனிதர், ஊர்ப் பெண்களின் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்தார்.

சாபம் என்றதும் சி.கே.சரஸ்வதி அம்மாவைச் சொல்லாமல் போனால் பாவம். மோகனாவின் தாய் வடிவாம்பாள். எங்கள் அத்தை ஒருவர், படம் ஓட ஓட டி.வி.யைப் பார்த்தே திட்டுவார். "பெத்த பொண்ண விக்கப் பாக்கறாளே, இவ உருப்படுவாளா?" எந்த நாயகனுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? சினிமா என்பதே மறந்து போய் ஒரு மனுஷி திட்டுகிறார் என்றால் நடிப்பு எங்கே போய்த் தைத்திருக்கிறது பாருங்கள்.

இனி எஸ்.வி.ரங்காராவ். இவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குக் குரல் கொஞ்சம் மாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957இல் 'மாயா பஜார்'. கிருஷ்ணனாக என்.டி.ராமாராவ், அபிமன்யுவாக ஜெமினி கணேசன். நாயகர்களுக்குக் குறைச்சல் இல்லை. பண்டிகை நாளில் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள், யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று. கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொடையைத் தட்டி, 'கல்யாண சமையல் சாதம்' என்று சிரிக்கிறாரே, அந்தக் கடோத்கஜனுக்காக! திருச்சி லோகநாதன் குரல் என்று சொன்னால்தான் தெரியும், அந்தத் தொந்தியிலிருந்து வந்த சிரிப்பென்றுதான் தோன்றும். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் மார்க்கஸ் பார்ட்லி கேமராவிலேயே செய்த வித்தை. அதைவிடப் பெரிய வித்தை இன்னொன்று. கடோத்கஜன் நாயகி வத்சலாவாக உருமாறியதும் சாவித்திரி என்ன செய்கிறார்? புடவை கட்டிய ரங்காராவாக நடக்கிறார்! அதே மிடுக்கு, அதே தோள் அசைப்பு. நாயகியே குணச்சித்திர நடிகரின் நடையைக் கடன் வாங்கித்தான் அந்தக் காட்சிகளில் கைதட்டல் வாங்கினார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த அதே கண்ணால் 'படிக்காத மேதை' பாருங்கள், 1960, பீம்சிங் படம். வாழ்ந்து கெட்ட குடும்பத்துத் தலைவர். வீட்டோடு வளர்ந்த அநாதைப் பிள்ளை ரங்கன், அது சிவாஜி. ரங்கன் வெளியேறிவிட்ட பிறகு அந்தக் கிழவர் பாரதியின் பாட்டைப் பாடுகிறார், சீர்காழியின் குரலில். 'எங்கிருந்தோ வந்தான்... இங்கிவனை யான் பெறவே என்ன தவம் செய்து விட்டேன்!' பாடும் நேரத்தில் ரங்கன் அந்த வீட்டில் இல்லை. இல்லாத பிள்ளையை அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் நமக்குக் காட்டுவது தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அந்த ரங்காராவின் முகம்தான். எங்கள் அப்பா அந்தப் பாட்டை எங்களோடு உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஆரம்பிக்கும்போதே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். திண்ணையிலிருந்து பாட்டு நன்றாகக் கேட்கும் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்தப் படம் வந்தபோது ரங்காராவுக்கு ஏறக்குறைய 42 வயதுதான். சிவாஜியைவிடப் பத்து வயது மூத்தவர். 1974இல் அவர் போனபோது வயது 56. நாம் எல்லோரும் தாத்தாவாகப் பார்த்தவர் தாத்தா வயதையே முழுசாகப் பார்க்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, இதோ முடித்துவிடுகிறேன். எம்.ஆர்.ராதாவின் இரட்டைக் குரல் இருக்கிறது, வீரப்பாவின் "சபாஷ், சரியான போட்டி" இருக்கிறது, 'மனோகரா'வில் கண்ணாம்பாவின் கர்ஜனை இருக்கிறது. அதையெல்லாம் எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் பார்த்துக்கொள்வார்.

தீர்ப்பு சொல்வதற்கு முன் ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் 'காதலிக்க நேரமில்லை'யின் அந்தக் காட்சியைப் போடுங்கள். நாகேஷ் கதையை ஆரம்பிக்கட்டும். நீங்கள் அவரைப் பார்க்காதீர்கள். காது அவருக்கு, கண் முழுவதும் பாலையாவுக்கு. பிறகு வீட்டில் யாராவது அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள் ஐயா.

நன்றி, வணக்கம்.