வெறும் மணிக்கட்டு

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், இந்தப் புழுக்கத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கோவை மக்களுக்கும் வணக்கம்.

'வாட்ச் சேர்ப்பதில் சுகம் பார்த்ததும் வாங்குவதிலா, பொறுத்து வாங்குவதிலா?' இதுதான் இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. பொறுத்து வாங்குவதில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வார்த்தை சொன்னார். "பொறுக்கிறவங்க பொறுத்துக்கிட்டே இருப்பாங்க, கடைசியில வெறும் மணிக்கட்டோட வீட்டுக்குப் போவாங்க" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்த வெறும் மணிக்கட்டுக்கு நான் வருகிறேன். அதற்கு முன்னால், பொறுக்காமல் என் மணிக்கட்டில் ஏறிய ஒரு வாட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2016 ஜனவரி. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய தொழில் அது. நம் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை கையில் மாமனார் கட்டிய வாட்ச். இனி வராது என்றதும் சேர்ப்பவர்கள் அத்தனை பேருக்கும் நெஞ்சு பதறியது. எனக்கும் பதறியது.

ராத்திரி பதினொன்றே முக்கால். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போனில் ஒரு விளம்பரம். எச்.எம்.டி. பைலட், கறுப்பு டயல், வெள்ளை எண்கள். சாவி கொடுக்கிற வாட்ச். விலை 4,500 ரூபாய். கீழே சிவப்பில் 'இருப்பு 2 மட்டும்'. பக்கத்தில் நேரம் தலைகீழாக ஓடுகிறது: பத்து நிமிடம், ஒன்பது நிமிடம், எட்டு. அதற்கும் கீழே ஒரு வரி: 'இதை இப்போது 41 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.'

நடுவர் அவர்களே, அந்த நாற்பத்தொரு பேரை நினைத்துப் பாருங்கள். இருப்பது 2. பார்ப்பது 41 பேர். நான் 42. நேற்றுவரை எனக்கு அந்த வாட்ச் வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. ஆனால் அந்த நிமிடம், முகம் தெரியாத 41 பேர் என் வாட்சை என் கையிலிருந்து பிடுங்கப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகு வந்தது மகிழ்ச்சிகூட இல்லை. தப்பித்தோம் என்ற மூச்சு.

ஐந்தாம் நாள் வாட்ச் வந்தது. பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரம் நின்றுவிட்டது.

டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை. பெரியவர் ஒருவர் நாற்பது வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் லென்ஸைப் பொருத்தி, பின்மூடியைத் திறந்தார். பார்த்தார். "எவ்வளவுக்குங்க வாங்குனீங்க?" என்றார். 4,500 என்றேன். "ம்" என்றார்.

முள்ளை எடுத்தார். டயலைத் தூக்கினார். டயலுக்கு அடியில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். மிஷினில் போய் உட்காருவதற்காக. அந்தக் கால்களை யாரோ வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு டயலை ஒட்டியிருந்தார்கள். பெரியவர் மறுபடியும் கேட்டார்: "எவ்வளவுக்குன்னு சொன்னீங்க?" மறுபடியும் 4,500 என்றேன். இந்தத் தடவை 'ம்'கூட வரவில்லை.

அப்புறம் லென்ஸை என்னிடம் கொடுத்தார். நீங்களே பாருங்க என்றார். பார்த்தேன். எழுத்துகளின் ஓரத்தில் மை கசிந்திருக்கிறது. நிமிடக் கோடுகளில் இரண்டுக்கு நடுவே இடைவெளி அதிகம், அடுத்த இரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. டயலின் விளிம்பில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்த இடத்தில் அடியிலிருந்து பழைய வெள்ளை எட்டிப் பார்க்கிறது. ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒரு பெரியவர் கட்டிக் கழித்த வெள்ளை டயல் வாட்ச். அதற்குக் கறுப்புச் சாயம் பூசி, பைலட் என்று பெயர் எழுதி, எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மூடியைப் போடும்போது பெரியவர் மூன்றாவது தடவையாக, துக்க வீட்டில் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டார்: "நாலாயிரத்து ஐந்நூறுங்களா?" பிறகு ஒன்று சொன்னார்: "மிஷின் உண்மைங்க. பதினேழு கல் வச்ச எச்.எம்.டி. மிஷின்தான். பாவம், அது என்ன பண்ணும்? மேல பூசினதுதான் பொய்."

அன்று ராத்திரி அந்த விளம்பரத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். 'இருப்பு 2 மட்டும்' அப்படியே இருந்தது. நேரம் அப்படியே பத்து நிமிடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த 41 பேரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாகத் தூங்கவே இல்லை அவர்கள்!

எதிரணித் தம்பி, உங்கள் வாதத்துக்கு என் பதில் அந்த லென்ஸ்தான். அதைக் கண்ணில் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நமக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நேரம் தலைகீழாக ஓடுகிறது.

தம்பி மூன்ஸ்வாட்ச் என்ற வாட்சைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். நானும் ஒத்துக்கொள்கிறேன், அழகான வாட்ச். 1969-ல் நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் சாயலில், சூரியனில் தொடங்கிப் புளூட்டோ வரைக்கும் 11 பெயர்களில், 260 டாலர் விலையில் ஸ்வாட்ச் கடைகளில் வந்தது. 2022 மார்ச் 26 அன்று ஊர் ஊராக வரிசை. தள்ளுமுள்ளு. சில கடைகளைத் திறந்த வேகத்தில் மூட வேண்டியதாயிற்று. வாங்கிய கையோடு பல மடங்கு விலைக்கு இணையத்தில் ஏற்றினார்கள், அதையும் வாங்கினார்கள். இது குறைந்த எண்ணிக்கையில் செய்த வாட்ச் கிடையாது, தொடர்ந்து வரும் என்று நிறுவனமே சொல்லியிருந்தது. சொன்னபடி வந்தது. அந்த ஒரே வருடத்தில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பொறுத்தவர்கள் பிறகு கடைக்குள் நிதானமாகப் போய், கையில் வைத்துப் பார்த்து, கடை விலைக்கே வாங்கினார்கள். பல மடங்கு கொடுத்தவர் கையிலும் அதே வாட்ச்தான்.

வாட்ச் ஒரு முதலீடு என்றார் எதிரணியில் இன்னொருவர். 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போன ரோலக்ஸ், பட்டேக் போன்ற விலையுயர்ந்த வாட்சுகளின் மறுவிற்பனை விலைகள் அதே வருடத்திலேயே இறங்க ஆரம்பித்தன. அவ்வளவு போதும் அதற்கு.

நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வாட்ச் பிடித்தால் தேதி போட்டுப் பெயரை எழுதுவேன். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்ப்பேன். என் மணிக்கட்டு சின்னது. 44 மில்லிமீட்டர் வாட்ச் கட்டினால் கையைத் தாண்டி நிற்கும். அதைக்கூட யோசிக்காமல் எழுதிய பெயர்கள் அதில் இருக்கின்றன. பெரும்பாலானதை நானே அடித்துவிட்டேன். அடிக்க மனம் வராமல் நின்ற இரண்டை மட்டும் வாங்கினேன். இரண்டையும் மாறி மாறிக் கட்டுகிறேன். சாவி கொடுக்கிற வாட்சோ, கை அசைவில் தானே சாவி ஏறுகிற ஆட்டோமேட்டிக்கோ, டிராயருக்குள் கிடந்தாலும் உள்ளே எண்ணெய் காயும். இருபது வாட்ச் அவசரத்தில் வாங்கினால் இருபதுக்கும் சர்வீஸ் செய்ய வேண்டும். கட்டாத வாட்சுக்கு யார் செய்வார்கள்?

நடுவர் மணியைத் தொடுகிறார். இரண்டே நிமிடம், ஐயா. அந்த வெறும் மணிக்கட்டுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

என் அப்பா இதே ஊரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். எச்.எம்.டி. ஜனதா ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. மூன்று தீபாவளி போனஸில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தார். ஒவ்வொரு வருடமும் கடைக்குப் போய், காட்டச் சொல்லி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாராம். 1978-ல் வாங்கினார். வெள்ளை டயல், அதில் இந்தியில் ஜனதா என்று எழுதியிருக்கும். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் முதல் வேலை அதற்குச் சாவி கொடுப்பதுதான். இருபத்தைந்து சுற்று. எண்ணிக்கொண்டே கொடுப்பார்.

1989-ல் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்ட அம்மாவின் தோடு போதவில்லை. மறுநாள் காலை அப்பா குளித்துவிட்டு வந்தார், துண்டைக் காயப்போட்டார், நேராகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். சாப்பிடும்போது பார்த்தேன். இடது மணிக்கட்டில், பதினோரு வருடம் ஸ்ட்ராப் இருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்த பட்டை. கறுத்த கையில் அந்த வெள்ளை மட்டும் தனியாகத் தெரிந்தது.

தம்பி, நான் பார்த்த வெறும் மணிக்கட்டு அதுதான்.

ஏழு மாதம் மில் சங்கைக் கேட்டுத்தான் வேலைக்குப் போனார். பஸ்சில் யாராவது மணி கேட்டால் பழக்கத்தில் கையைத் தூக்குவார். பார்ப்பார். கையை இறக்கிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுச் சொல்வார். அந்த ஏழு மாதமும் வேறு வாட்ச் பற்றி அவர் பேசவே இல்லை. எங்கள் தெருவிலேயே பாதி விலைக்கு ஒருவர் கொடுக்க வந்தார். "என்னோடது இருக்குதுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அடகுக் கடையிலிருந்து அதை மீட்டுக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தார். வாட்ச் நின்றுபோயிருந்தது. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். சாவி கொடுத்தார், எண்ணிக்கொண்டே, இருபத்தைந்து. முள்ளை நகர்த்தவில்லை. கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னப்பா என்று கேட்டேன். பேசாமல் இரு என்று கை காட்டினார். மில் சங்கு ஊதியது. அப்போதுதான் முள்ளைத் திருப்பினார், நேரம் வைத்தார், அந்த வெளுத்த பட்டையின் மேலேயே கட்டிக்கொண்டார்.

அந்த வாட்ச்தான் ஐயா, இப்போது என் கையில் இருப்பது.

நன்றி, வணக்கம்.