திண்டிவனம் வர்றதுக்குள்ள டேட்டா காலியா? திருடன் உங்க லேப்டாப்தான்!

எழும்பூர்ல ரயில் ஏறுறீங்க. போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்ல ரெண்டே ரெண்டு மெயில். திண்டிவனம் வரும்போது எஸ்எம்எஸ் வந்து நிக்குது: இன்னைக்கு டேட்டா முடிஞ்சுபோச்சு!

ஹாட்ஸ்பாட்னா என்னன்னு பாட்டிக்கே தெரியும், அதைத் தாண்டிப் போயிடலாம்.

உங்க ஹாட்ஸ்பாட்டை வீட்டு பிராட்பேண்ட்னு லேப்டாப் நினைச்சுக்குது. விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ் எல்லாம் கூப்பிடாமலே பந்தியில உக்காந்துடும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, அதுல உங்க போன் பேருக்கான ப்ராப்பர்ட்டீஸ். அங்க 'மீட்டர்டு கனெக்ஷன்' ஆன் பண்ணுங்க, 'இது அளவு டேட்டா, பார்த்துச் செலவு பண்ணு'ன்னு லேப்டாப்புக்குச் சொல்ற பட்டன் அது. பந்தி பெரும்பாலும் கலைஞ்சிடும். யூடியூப் ஆட்டோபிளே மட்டும் இதுக்கெல்லாம் அடங்காது, அதை நீங்கதான் நிறுத்தணும்.

"எனக்கு அன்லிமிடெட் 5ஜி ஆச்சே!" சரி, வழியில டவர் 4ஜிக்கு மாறினா? அந்த நொடியே தினசரி கோட்டா கரைய ஆரம்பிச்சிடும். தீர்ந்தா 64 கேபிபிஎஸ். கணக்குப் போடுவோமா? நொடிக்கு 8 கிலோபைட். 4 எம்பி போட்டோ ஒண்ணு இறங்க 500 நொடி. ரயில் 90 கிலோமீட்டர் வேகத்துல போனா, அதுக்குள்ள 12 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். போட்டோவை விட நீங்க சீக்கிரம் போய்ச் சேருவீங்க!

[திரையில்: போனும் லேப்டாப்பும், நடுவுல கேபிள்]

என் ஓட்டு யூஎஸ்பி டெதரிங்குக்குத்தான், அதாவது வைஃபைக்குப் பதிலா கேபிள் வழியா போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கிறது. போன் சார்ஜும் ஏறும், பெட்டி நிறைய ஹாட்ஸ்பாட் ஓடினாலும் அந்த வைஃபை நெரிசல் உங்களைத் தொடாது. கேபிள் சொருகியும் போன் செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் பட்டன் மங்கலாவே இருந்தா, போனைத் திட்டாதீங்க. சார்ஜுக்கு மட்டுமேயான கேபிளா இருக்கும், உள்ள டேட்டா கம்பியே கிடையாது. வேற கேபிள் போடுங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து. யூஎஸ்பில வந்தா விண்டோஸ் அதை ஈதர்நெட்னு, அதாவது கம்பி வழி நெட்வொர்க்னு எடுத்துக்கும். வைஃபைல போட்ட மீட்டர்டு இங்க செல்லாது, ஈதர்நெட் பக்கத்துல போய் மறுபடி போடணும். போட்டாச்சா? பல ஆண்ட்ராய்டு போன்கள் ஒவ்வொரு தடவை சொருகும்போதும் புது மேக் முகவரியோட (நெட்வொர்க்ல கருவியை அடையாளம் காட்டுற நம்பர்) வரும். லேப்டாப்புக்கு அது புது ஆள். நெட்வொர்க் 2, நெட்வொர்க் 3ன்னு பேர் வச்சிக்கிட்டே போகும், மீட்டர்டும் பழையபடி ஆஃப். அதனால டீ வாங்க இறங்கும்போது கேபிளைப் பிடுங்கினா, திரும்பி வந்ததும் முதல் வேலை அதைப் பார்க்கிறதுதான்.

உங்க லேப்டாப்ல நெட்வொர்க் எத்தனையாவது நம்பர்ல நிக்குது? கமென்ட்ல போடுங்க. 20 தாண்டினவங்களுக்கு ஒரு ஹார்ட் நிச்சயம்.